மேல பன்னிரண்டு, கீழ எட்டு

பிப்ரவரி 6

தம்பிக்கு,

இருபது தடவை போன் போட்டுட்டேன். அடிச்சு அடிச்சு அதுவா நின்னு போகுது. அதான் கடுதாசி. கிழிச்சுப் போடறதுக்காவது இதைக் கையில எடுத்துத்தானே ஆகணும்.

எனக்குப் புத்தகத் தமிழ் வராது. கண்ணாடிக் கடையில லென்ஸ் பவர் எழுதித்தான் கைக்குப் பழக்கம். பேசற மாதிரியே எழுதறேன்.

உங்க பொண்ணுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில பெட்டிக்குள்ள மூக்குல குழாயோட கிடந்தப்பதான் நீங்க கடைசியா பார்த்தது. அப்ப ஒண்ணே முக்கால் கிலோ. இப்ப அஞ்சே முக்கால். தூக்கினா இடுப்பு பிடிக்குது எனக்கு. சின்னவ மொத ஸ்கேன் பார்த்துட்டு வந்து "பட்டாணி சைஸ்ல இருக்குக்கா"ன்னா. அந்தப் பேருதான் இன்னும் ஓடுது. தடுப்பூசி போடற இடத்துல பேர் கேட்டாங்க. முழிச்சேன். அந்தம்மா "பெண் குழந்தை"ன்னு எழுதிக்கிட்டாங்க. அப்பா வந்து பேர் வைக்கட்டும்னு நானும் இவரும் காத்துக்கிட்டிருக்கோம்.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நீங்க சொன்னதுக்கு நான் பதில் பேசல. "நீங்கதானே இருமிக்கிட்டு வந்தீங்க"ன்னு ஒரே வரிதான் சொன்னீங்க. தொண்டை லேசா கரகரன்னுதான் இருந்துச்சு. கடைக்கு வந்தவங்க பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்த நேரம். சின்னவளுக்கு எட்டாவது மாசம், ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு வந்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். மூணு நாள் கழிச்சு அவளுக்கு. வேற யார்கிட்ட இருந்து வந்திருக்கும்? அம்மா போனப்புறம் அவளுக்குத் தலை வாரி விட்டு, ஸ்கூலுக்கு அனுப்பி, உங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சது நான். அவ உயிரை எடுத்த காய்ச்சலைக் கொண்டு போய்க் கொடுத்ததும் நான்.

அதுக்காக என் முகத்துல முழிக்க வேண்டாம்னு நினைச்சா முழிக்காதீங்க. நான் கடைக்குப் போற நேரமா பார்த்து வாங்க. பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?

பட்டாணியோட பெரியம்மா


பிப்ரவரி 19

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

இங்கு எண்ணெய்க் குழாயின் பம்பிங் நிலையத்தில், அழுத்தம் காட்டும் கேஜ்களைச் சரிபார்க்கும் அதே வேலை. ஒரு நாளைக்குப் பதினெட்டு கேஜ்கள். தங்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி உள்ளன. மின்விசிறி மூன்றில் வைத்தால் சத்தம் போடுகிறது. இரண்டில் வைத்தால் போடுவதில்லை. கேண்டீனில் என் எதிர் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. புகார் அல்ல, தகவலுக்காக எழுதுகிறேன்.

தாங்கள் குறிப்பிட்ட எடை, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் திருப்திகரமானது என்று நினைக்கிறேன். வளர்ச்சி அட்டையின் நகல் ஒன்று அனுப்பினால் நல்லது.

தற்போது வருவதற்கான சூழ்நிலை இல்லை. பெயரைத் தாங்களே தேர்வு செய்யலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்


மார்ச் 3

தம்பிக்கு,

ஆட்சேபணை இல்லையாம். பிள்ளைக்குப் பேர் கேட்டா, தண்ணி கனெக்‌ஷனுக்கு மனு போட்டவனுக்கு ஆபீஸ்ல இருந்து வர்ற பதில் மாதிரி இருக்கு.

உங்க சகலை தோள்ல பட்டாணியைப் போட்டுத் தட்டிக்கிட்டே கேட்டார். "நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கானா?"

"நலம்னு எழுதியிருக்கார்."

"வேற?"

"ஃபேன் சத்தம் போடுதாம்."

பட்டாணியை மத்த தோளுக்கு மாத்தினார். அப்புறம், "அப்ப நல்லா இல்ல"ன்னார். மனுஷன் தூங்கும்போது தவிர மத்த நேரத்துல புத்திசாலிதான்.

அட்டை நகல் இதோட இருக்கு. மூணு கோடு இருக்குல்ல, நம்மாளு அடிக்கோட்டுக்குக் கீழ ஆரம்பிச்சு இப்ப அதைத் தாண்டிட்டா. நீங்க இந்த மாதிரி கோடு பார்த்தாத்தான் நம்புவீங்க. எங்களுக்குக் கன்னம் பார்த்தா போதும்.

அப்புறம் ஒரு விஷயம். மூணு வாரமா காலையில எழுந்தா பின்மண்டை கல்லாட்டம் கனக்குது. நீங்க வீட்டைக் காலி பண்ணப்ப இவர் தூக்கிட்டு வந்த அட்டைப் பெட்டியில, குட்டிச் சட்டைங்களுக்கு அடியில, அந்தப் பிரஷர் மெஷின் இருந்துச்சு. கட்டிப் பார்த்தேன். 158, 96. இவரைக் கூப்பிட்டேன். அப்புறம்தான் பின்னாடி உங்க கையெழுத்துல ஸ்டிக்கர் பார்த்தேன். "மேல 12, கீழ 8 கழிக்கவும்." கழிச்சா 146, 88. "பிள்ளை தூங்க விடறதில்ல, அதான்"ன்னார் இவர். எனக்கும் அப்படித்தான் படுது. தினம் பார்க்கறேன். கழிச்சு நூத்தைம்பதைத் தாண்டினா டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் தாண்டல.

உங்க புண்ணியத்துல நிம்மதி. மெஷின்ல பொய் சொல்றது எது, நிஜம் சொல்றது எதுன்னு சொல்ல வீட்டுலயே ஆள் இருக்குன்னு சின்னவ பெருமை அடிச்சுப்பா. அதுதான் ஞாபகம் வந்துச்சு.

அடுத்த தடவை பேசற மாதிரி எழுதுங்க. தங்கையின் கணவராம்.

பெரியம்மா


மார்ச் 8

அக்கா,

நேத்து சாயங்காலம் ஆபீஸ் நம்பர்ல இருந்து போன் பண்ணது நான்தான். "கழிக்காதீங்க, நாளைக்கே டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். நீங்க "ஏன் தம்பி, என்னாச்சு தம்பி"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. போன்ல உங்க குரல் அப்படியே அவ குரல். உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. நேர்ல பேசும்போது அவ்வளவா தெரியாது. போன்ல தெரியும். நான் எடுக்காததுக்கு அதுதான் காரணம். கோபம் இல்ல.

பேசற மாதிரி எழுதச் சொன்னீங்க. எழுதறேன்.

அந்த ஸ்டிக்கர் தப்பு. மெஷின் சரி.

அவளுக்கு ஆறாவது மாசம் நடக்கும்போது அதை வாங்கிட்டு வந்தேன். எங்க தொழில்ல புதுக் கருவி வந்தா சும்மா நம்ப மாட்டோம். சரின்னு தெரிஞ்ச இன்னொண்ணோட ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தா இவ்வளவு கழி, இவ்வளவு கூட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டுவோம். கிளினிக்ல நர்ஸ் பார்த்தது 118, 76. வீட்டுக்கு வந்து நான் பார்த்தேன். 130, 84. அடுத்த மாசமும் அதே வித்தியாசம். அதுக்கடுத்த தடவையும். மூணு தடவை ஒரே விடை வந்துச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். "இப்பதான் இது நம்ம வீட்டு மெஷின்"னு அவ சிரிச்சா.

கிளினிக்ல அவளை உட்கார வச்சுட்டுத்தான் பார்த்தாங்க. வீட்டுல மூணு மாடி ஏறி வந்ததும், மூச்சு வாங்கிக்கிட்டிருக்கும்போதே நான் கட்டினேன். கிளினிக் அளவுக்கும் இதுக்கும் நேர இடைவெளி இருக்கக் கூடாதுன்னு அவசரம். அந்தப் பன்னிரண்டு மாடிப்படியோட பன்னிரண்டு. சூடான குழாய்ல இருந்து கழட்டின கேஜை மேசையில வச்சு ஆற விடாம அளக்கக் கூடாதுங்கறது எங்க தொழில்ல அரிச்சுவடி. பொண்டாட்டியை ஆற விடல. மூணு தடவையும் ஒரே தப்பைப் பண்ணா மூணு தடவையும் ஒரே விடைதானே வரும்.

அதுக்கப்புறம் தினம் காலையில படுக்கையில உட்கார்ந்து நிதானமா பார்ப்பா. சரியான அளவுதான் வரும். அதுல பன்னிரண்டைக் கழிச்சு நோட்டுல எழுதுவா.

நூத்து நாற்பதைத் தொட்டா உடனே வரணும்னு கிளினிக்ல சொல்லியிருந்தாங்க. காய்ச்சல் வந்த மூணாவது நாள் இருமலோட தலைவலி. மெஷின்ல 150, 96. கழிச்சு 138, 88. போன்ல அதைத்தான் சொன்னேன். காய்ச்சல் தலைவலியாத்தான் இருக்கும், நல்லா தண்ணி குடிக்கட்டும், பிரஷரைப் பார்த்துக்கிட்டே இருங்கன்னாங்க. மறுநாள் 151. கழிச்சு 139. அவ தலையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரே ஒரு தடவை கழிக்காம சொல்லிப் பார்ப்போமே"ன்னா.

"மெஷினைப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"சரிங்க சார்"ன்னா.

அதுக்கு மறுநாள் காலையில 178. அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினேன். வாசல்லயே நர்ஸ் கட்டிப் பார்த்தாங்க. 178. என் கையில இருந்த நோட்டுல 166. அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, அக்கா. தெரிஞ்சப்புறம்தான் அவளுக்கு வலிப்பு வந்துச்சு. பிள்ளையை எடுத்தாங்க. மூச்சுக்குழாய் போட்டாங்க. மிச்ச ஒன்பது நாள் உங்களுக்கே தெரியும்.

டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். காய்ச்சல் கிருமி நுரையீரலுக்குள்ள இறங்கிடுச்சு, பிரஷர் ஒரு பக்கம் ஏறிடுச்சு, மாசமா இருக்கறப்ப ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும், எது முதல்ல எது அப்புறம்னு பிரிக்க முடியாதுன்னார். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா எனக்கு ரெண்டு நாள் கிடைச்சிருக்கும்"னும் சொன்னார். குத்திக் காட்டிச் சொல்லல. கைகழுவிக்கிட்டே சொன்னார்.

வெளியில வந்தேன். நீங்க வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்தீங்க. "ஏன் தம்பி முன்னாடியே கூட்டிட்டு வரல?"ன்னு கேட்டீங்க. பதில் என் பாக்கெட்ல இருந்துச்சு. நோட்டை எடுத்து நீட்டியிருக்கலாம். அதுக்குப் பதிலா உங்க இருமலைச் சொன்னேன். கோபத்துல வாய் தவறி வந்ததுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. இல்ல. யோசிச்சுத்தான் சொன்னேன். அப்படிச் சொன்னா நீங்க மறுபடியும் கேட்க மாட்டீங்கன்னு தெரியும்.

மெஷினையும் பெட்டியில போட்டுக் கொடுத்துட்டேன். ஸ்டிக்கரைக் கிழிக்கணும்னு கூடத் தோணல. இன்னொருத்தர் அதைப் பார்த்துக் கழிப்பாங்கன்னு யோசிக்கல.

டாக்டரைப் பாருங்க. தயவு செஞ்சு.

தம்பி


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

ஒரு மாசம் ஆச்சு. நீங்க பதில் எழுத வேண்டாம். எழுத மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அதை எழுதினேன். டாக்டரைப் பார்த்தீங்களான்னு மட்டும் சகலையை ஒரு வரி போடச் சொல்லுங்க. 'பார்த்தாச்சு'ன்னு ஒரு வார்த்தை போதும்.

அட்டை நகலை மேசைக்கு மேல ஒட்டியிருக்கேன். பென்சில்ல அடுத்த ரெண்டு மாசத்துக்குக் கோட்டை நீட்டி வச்சிருக்கேன். சரியான்னு தெரியாது.

இன்னைக்குப் பதினெட்டு கேஜ் பார்த்தேன். ஒண்ணு நாலு புள்ளி கூடக் காட்டுச்சு. ஸ்டிக்கர் எழுதிட்டேன், ஒட்டக் கை வரல. கழட்டிட்டுப் புதுசு மாட்டச் சொன்னேன். மேலதிகாரி, "இதுக்கெல்லாம் மாத்தினா குழாய் மட்டும்தான் பழசா மிஞ்சும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கறேன்.

ஃபேன் இப்ப இரண்டுலயும் சத்தம் போடுது. நிறுத்தினா ரூம் ரொம்ப அமைதியா இருக்கு. அதனால ஓட விட்டிருக்கேன்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

மார்ச்சுல நீங்க போட்ட கடுதாசியை இவர்தான் முதல்ல படிச்சார். படிச்சுட்டுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் கொடுக்கல. அப்புறம் பட்டாணியை வாங்கிக்கிட்டு, என்னை உட்கார வச்சுட்டுக் கொடுத்தார்.

மொத வாரம் உங்களைத் திட்டினேன். கடையில லென்ஸ் துடைச்சுக்கிட்டே வாய்க்குள்ள திட்டினேன். எட்டு மாசம் தம்பி. நீங்க சொன்ன அந்த ஒரு வரியைச் சுமந்துக்கிட்டு எட்டு மாசம் நடந்திருக்கேன். பட்டாணியை வீட்டுக்குக் கொண்டு வந்ததுல இருந்து மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுத்தான் தூக்கினேன். மூணு மாசம் அதுக்கு என் கண்ணு மட்டும்தான் தெரியும். முகமூடியைக் கழட்டின அன்னைக்கு யாரோ புது ஆள்னு அலறிடுச்சு. எனக்குப் புரையேறினாக் கூட வாயைப் பொத்திக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். நிஜத்தைச் சொல்லியிருந்தா இருமல் என்னுதுங்கறது மாறியிருக்காது. ஆனா தனியா சுமந்திருக்க மாட்டேன். அதுதான் ஆறல.

டாக்டரைப் பார்த்தாச்சு. மாத்திரை கொடுத்திருக்காங்க. வீட்டு மெஷினையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. போனதும் பத்து நிமிஷம் பேசாம உட்காருன்னு ஒரு நாற்காலியில உட்கார வச்சாங்க. அப்புறம் அவங்களோடதைக் கட்டினாங்க, நம்மளோடதைக் கட்டினாங்க. ரெண்டே புள்ளி வித்தியாசம். "நல்ல மெஷின். யார் வாங்கினது?"ன்னாங்க. மெஷினை எடுத்துப் பைக்குள்ள வச்சேன்.

எழுந்து வரும்போது வேற ஒண்ணு கேட்டேன். அதைக் கேட்டதாலதான் இத்தனை நாள் உங்களுக்கு எழுத முடியல.

தலைவலி வந்த அன்னைக்குச் சின்னவ எனக்குப் போன் பண்ணா. உங்களுக்குத் தெரியாது. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. "கண்ணுல மின்மினியாட்டம் பறக்குதுக்கா"ன்னா. நானும் காய்ச்சல்ல படுத்திருந்தேன். "மாசமா இருக்கறப்ப பவர் மாறும்டி. பிள்ளை பிறந்ததும் கடைக்கு வா, நல்ல ஃபிரேமா பார்த்துப் போட்டுத் தர்றேன்"ன்னேன். பவர் மாறறது நிஜம்தான், கடைக்கு வர்ற எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கேன். எட்டு வருஷ சர்வீஸ் ஆச்சே. "சரிக்கா, ரவுண்டு ஃபிரேம்தான் வேணும்"னா.

டாக்டர்கிட்ட கேட்டேன். பிரஷர் ஏறினா அப்படித்தான் தெரியுமாம். தலைவலியோட அது வந்தா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதாம்.

ஆக, அவளைச் சுத்தி ரெண்டு கெட்டிக்காரங்க இருந்திருக்கோம். ஒருத்தருக்கு மெஷின் தெரியும், ஒருத்திக்குக் கண்ணு தெரியும். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒண்ணும் தெரியாத மக்கா இருந்திருந்தா, பயந்துபோய் அவளை அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்போம்.

இதை இவர்கிட்டயும் இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன். வேற யாருக்குப் புரியும்?

மன்னிச்சுட்டேன்னு எழுதக் கை வரல தம்பி. பொய் எழுத மாட்டேன். வாங்கன்னு எழுத வருது. வாங்க.

பட்டாணி தவழறா. நேரா அந்த மெஷின் இருக்கற அலமாரிக்குத்தான் போறா. ஸ்டிக்கரைக் கிழிக்கப் பார்த்தேன், பாதிதான் வந்துச்சு. மீதியை அவ நகத்தால சுரண்டிக்கிட்டே இருக்கா. வாயில போட்டுக்கறதுக்குள்ள நீங்க வந்து எடுங்க. ஒட்டினவங்கதான் எடுக்கணும்.

என் குரல் அவ குரலாட்டம் இருந்தா நான் என்ன பண்றது? உங்க பொண்ணு அதைக் கேட்டுத்தான் தூங்கறா.

நாங்க மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, பேருக்கு. படியிலதான் வரணும்.

பெரியம்மா


மே 20

அக்கா,

ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். லீவு கேட்டேன். மேலதிகாரி "எதுக்கு?"ன்னார். "பொண்ணைப் பார்க்க"ன்னேன். "உனக்குப் பொண்ணு இருக்கா?"ன்னார். இருக்குன்னு சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீங்க சொன்ன போன் விஷயத்தைப் படிச்சேன். நாலு தடவை படிச்சேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் வரல. ரவுண்டு ஃபிரேம் அவளுக்கு நல்லா இருந்திருக்கும்.

ஒரு பேர் யோசிச்சு வச்சிருக்கேன். எழுதல. முகத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன். பொருந்தலன்னா பட்டாணியே இருக்கட்டும்.

மாடி ஏறி வந்ததும் கதவைத் தட்ட மாட்டேன். கடைசிப் படியில பத்து நிமிஷம் உட்காருவேன். மூச்சு வாங்கிக்கிட்டே வந்து தூக்கினா, என் நெஞ்சு அடிக்கறதை அவ தப்பா எடுத்துக்குவா. உள்ள நீங்க பேசறது கேட்கும். அதுக்கும் கொஞ்சம் ஆறணும்.

பதினோராவது நிமிஷமும் தட்டலன்னா, நீங்களே கதவைத் திறந்துடுங்க.

பட்டாணியோட அப்பா